கேள்வி-பதில்: கடல்மீன் தொட்டிக்கு எந்த வால்வு?

போன இதழில் கடல்மீன் தொட்டியின் சம்ப், அதாவது மேல்தொட்டித் தண்ணீர் இறங்கி, பம்ப் வழியாக மறுபடி மேலே ஏறும் கீழ்த்தொட்டி பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வால்வைப் பற்றியே கேட்கின்றன. மும்பையில் அடுக்குமாடி வீட்டில் உப்புத்தண்ணீர்த் தொட்டி வைப்பவர்களுக்குக் கீழ்வீட்டுக் கூரை பற்றிய பயமும் சேர்ந்தே இருக்கும், அது நியாயமான பயம்தான். அதனால் இந்த முறை முழுப் பக்கத்தையும் வால்வுக்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: மூன்றடித் தொட்டி, ஏறக்குறைய 200 லிட்டர். கீழே சம்ப். மேலிருந்து தண்ணீர் இறங்கும் குழாயில் ராத்திரி முழுக்க ‘களக் களக்’ என்று சத்தம், வீட்டில் யாரும் தூங்க முடியவில்லை. சத்தம் குறையட்டும் என்று அந்தக் குழாயில் ஒரு இஞ்ச் பிவிசி பால் வால்வு போட்டேன். பாதி மூடும்வரை ஒரு மாற்றமும் இல்லை, அப்புறம் நூலளவு திருப்பினாலே தொட்டி நிரம்பி வழியப் பார்க்கிறது. ஹார்டுவேர் கடைக்காரர் பித்தளை கேட் வால்வு போடச் சொல்கிறார். போடலாமா?
— செம்பூர் வாசகர்

பதில்: பித்தளை வேண்டாம். மற்றதெல்லாம் அப்புறம், முதலில் இது. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது, உப்புத்தண்ணீர் அதை மெதுவாக அரித்துக்கொண்டே இருக்கும், அரிக்கும் செம்பு தொட்டியில்தான் வந்து சேரும். கடல்மீனுக்கு வரும் வெள்ளைப்புள்ளி நோய்க்குச் செம்பு மருந்தைத் தனித் தொட்டியில் வைத்துக் கொடுக்கிறோம் அல்லவா, அந்த மருந்தின் அளவே லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம்தான். மீன் தாங்கும் அந்த அளவை இறாலோ நத்தையோ அனிமோனோ பவளமோ தாங்காது. அதோடு பாறையும் மணலும் செம்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், தண்ணீரை மாற்றினால் எல்லாம் போய்விடும் என்று நம்ப முடியாது. கடைக்காரர் உங்களுக்குக் கெட்டது சொல்லவில்லை. வீட்டுத் தண்ணீர்க் குழாய்க்கு அது நல்ல வால்வு, அவருக்கு உங்கள் தொட்டி தெரியாது, அவ்வளவுதான்.

கன்மெட்டல், வெண்கலம், நிக்கல் முலாம் பூசிப் பளபளவென்று வெள்ளையாக இருக்கும் பித்தளை எல்லாவற்றுக்கும் இதே பதில்தான். சந்தேகம் இருந்தால் கண்ணுக்குத் தெரியாத ஒரு ஓரத்தில் அரத்தால் லேசாகத் தேய்த்துப் பாருங்கள், உள்ளே மஞ்சள் தெரியும். காந்தத்தை வைத்துச் சோதிப்பது இங்கே உதவாது, பித்தளையில் காந்தம் ஒட்டாது, ஒட்டவில்லை என்பதாலேயே பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

இன்னொரு இடத்திலும் பித்தளை ஒளிந்திருக்கும். குளியலறைக் குழாய் வேலைக்கு வரும் சிபிவிசி உருப்படிகளில் எஃப்ஏபிடி (FABT), எம்ஏபிடி (MABT) என்று பிளம்பர்கள் கேட்டு வாங்குவார்களே, அவற்றில் மரை உள்ள பகுதி முழுக்கப் பித்தளை. வெளியே பிளாஸ்டிக்காகத் தெரியும், தண்ணீர் தொடும் இடம் உலோகம். பிளம்பரிடம் வேலையை ஒப்படைத்தால் அவர் பழக்கத்தில் இதைத்தான் போடுவார், ‘எங்கேயும் பித்தளை வரக்கூடாது, பிளாஸ்டிக் மரையே போடுங்கள்’ என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் நம்பகமில்லை. 304 ரகத்தில் உப்பு குழி குழியாகத் துளைத்துவிடும், 316 கொஞ்சம் அதிக நாள் தாங்கும், ஆனால் நிரந்தரமாக மூழ்கிக் கிடக்கும் இடத்தில் அதுவும் வேண்டாம். வால்வின் உடல், உள்ளே இருக்கும் தண்டு, பந்து எல்லாமே பிளாஸ்டிக்காக இருக்க வேண்டும். கைப்பிடியை மேலே பிடித்திருக்கும் திருகு தண்ணீரைத் தொடாது, ஆனால் உப்பு ஏறித் துருப்பிடித்து, துரு கீழே சொட்டும். அதையும் பார்த்து வாங்குங்கள்.

சரி, இப்போது உங்கள் பால் வால்வு ஏன் அப்படி நடந்துகொள்கிறது என்று பார்ப்போம். அதன் உள்ளே நடுவில் துளையிட்ட ஒரு பந்து. முழுத் திறப்பிலிருந்து முழு அடைப்புக்குக் கைப்பிடி 90 டிகிரிதான் திரும்பும். அதுவும் உங்கள் குழாய் போல அழுத்தம் குறைவான இடத்தில், முதல் பாதியை மூடும்போது குழாயின் வளைவுகளும் முட்டிகளும் தரும் தடையே பெரிதாக இருப்பதால் வால்வு மூடுவது உறைக்கவே உறைக்காது. கடைசிக் கொஞ்ச டிகிரியில்தான் ஓட்டம் சடாரென்று விழும். உங்களுக்குத் தேவைப்படும் அளவு அந்தச் சின்ன இடத்துக்குள்தான் இருக்கிறது, அதைக் கையால் நிறுத்தி வைப்பது கஷ்டம். பால் வால்வு திறக்கவும் மூடவும் செய்யப்பட்ட பொருள், அந்த வேலைக்கு அதை அடித்துக்கொள்ள வேறு கிடையாது. அளவு வைக்க, குறிப்பாக இறங்கும் குழாயில், கேட் வால்வுதான் சரி, ஆனால் பிவிசி கேட் வால்வு. உள்ளே ஒரு தகடு மேலிருந்து கீழே இறங்கும். சக்கரத்தைப் பல சுற்று சுற்றினால்தான் முழுக்க மூடும், அதனால் கால் சுற்று திருப்பினால் கால் சுற்றுக்கு உரிய சின்ன மாற்றம் மட்டும் வரும்.

தொழிற்சாலைக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் கேட் வால்வைப் பாதியில் நிறுத்தி ஓட்டம் குறைக்கக் கூடாதே என்பார்கள். அங்கே உள்ள அழுத்தத்துக்கும் வேகத்துக்கும் அது உண்மை, தகடு அதிர்ந்து தேய்ந்துவிடும். நம் தொட்டியில் தண்ணீர் இறங்குவது மூன்று நான்கு அடி உயரம், அந்தப் பிரச்சினை இங்கே எழாது.

வாங்குவதற்கு முன் இன்னொன்று, இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். உங்கள் தொட்டியிலிருந்து தண்ணீர் இறங்க எத்தனை குழாய் இருக்கிறது? ஒன்றே ஒன்று என்றால் அதில் எந்த வால்வும் போடக் கூடாது, போட்டதையும் முழுக்கத் திறந்து வையுங்கள், முடிந்தால் இன்றைக்கே. வால்வைப் பாதி மூடிய குழாயில் ஒரு நத்தை வந்து உட்கார்ந்தாலோ பாசிக் கொத்து ஒன்று மாட்டினாலோ வழி அடைபடும், மேலே ஏற்றும் பம்ப் நிற்காது, சம்பில் உள்ள தண்ணீர் முழுக்க உங்கள் ஹால் தரைக்கு வரும். ஒற்றைக் குழாயில் சத்தத்தைக் குறைக்க அதன் தலையில் டி முட்டி வைத்து, மூடியில் சின்னக் காற்றுத்துளை போடும் டர்சோ முறை இருக்கிறது. சத்தம் முழுக்கப் போகாது, தூங்கும் அளவுக்குக் குறையும்.

இரண்டு குழாய் இருந்தால் உங்களுக்கு வழி திறந்துவிட்டது. ஒரு குழாய் முழுக்கத் தண்ணீர் நிரம்பி, காற்றே இல்லாமல் சைஃபனாக இறங்க வேண்டும். கேட் வால்வு அதில். இன்னொரு குழாயின் வாய் அதைவிட உயரத்தில், வால்வே இல்லாமல், எப்போதும் திறந்து கிடக்க வேண்டும், அது ஆபத்துக்கு. உலகம் முழுக்க இதை ஹெர்பி முறை என்கிறார்கள். உங்களுக்குக் கேட்கும் ‘களக் களக்’ என்பது தண்ணீரோடு காற்றும் சேர்ந்து விழும் சத்தம், குழாய் நிரம்பி ஓடினால் அது நின்றுவிடும்.

அளவு வைக்கும்போது அவசரப்படாதீர்கள். வால்வை முழுக்கத் திறந்து பம்பைப் போடுங்கள். அப்புறம் சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடுங்கள், ஓவர்ஃப்ளோ பெட்டியில், அதாவது இறங்கும் குழாய்கள் நிற்கும் தடுப்புக்குள், தண்ணீர் மட்டம் ஏற ஆரம்பிக்கும். ஏற ஆரம்பித்ததும் நிறுத்திவிட்டு ஐந்து பத்து நிமிஷம் காத்திருங்கள், மட்டம் ஒரு இடத்தில் நிற்க அவ்வளவு நேரம் ஆகும். பலர் இந்த இடத்தில்தான் பொறுமை இழந்து மாறி மாறித் திருப்பி, எதுவும் நிலைக்கவில்லை என்று வால்வைத் திட்டுகிறார்கள். ஆபத்துக் குழாயில் நூல் போல மெல்லிய ஒழுக்கு ஓடும் நிலை நல்ல நிலை. பம்பின் வேகம் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் அந்த ஒழுக்கு அதை வாங்கிக்கொள்ளும். இறங்கும் குழாயின் அடிமுனை சம்ப் தண்ணீருக்குள் இரண்டு மூன்று சென்டிமீட்டர் மட்டும் மூழ்கியிருக்கட்டும், ஆழமாக விட்டால் பம்பை மறுபடி போடும்போது குழாயில் உள்ள காற்று வெளியேற வழியில்லாமல் திணறும்.

அந்த பால் வால்வைத் தூக்கிப் போட வேண்டாம், பம்புக்கு அடுத்து, மேலே போகும் குழாயில் அது வேலை செய்யும். அடுத்த முறை வாங்கும்போது இரண்டு பக்கமும் கையால் கழற்றும் வளையம் உள்ள யூனியன் பால் வால்வாக வாங்குங்கள். விலை கூடத்தான், ஆனால் பம்பைக் கழுவ வேண்டிய நாளில் வால்வை மூடி, வளையத்தைத் திருகி, பம்பைத் தனியாகக் கையில் எடுத்துவிடலாம். ஒட்டிய வால்வு என்றால் ரம்பம் வேண்டும். எந்த வால்வானாலும் மாதம் ஒருமுறை முழுக்கத் திறந்து மூடி, பழைய இடத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள். பேனாவால் ஒரு கோடு போட்டு வைத்தால் பழைய இடம் தெரியும். அப்படிச் செய்யாவிட்டால் உள்ளே சுண்ணாம்பு படிந்து, ஒரு நாள் அசைக்கும்போது கைப்பிடி கையோடு வந்துவிடும். இறுகினால் சிலிக்கான் கிரீஸ் மட்டும் தடவுங்கள். வாசலின் போன்ற பெட்ரோலியப் பொருள் இபிடிஎம் ரப்பர் வளையத்தை ஊத வைத்துவிடும்.

கேள்வி: எங்கள் பகுதியில் கரண்ட் அடிக்கடி போகும். அதற்காகவே ரிட்டர்ன் குழாயில் (சம்பிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றும் குழாய்) தண்ணீரைத் திரும்பி வர விடாத நான்-ரிட்டர்ன் வால்வு போட்டிருந்தேன். போன வாரம் கரண்ட் போனபோது சம்ப் நிரம்பி வெளியே வழிந்துவிட்டது. வால்வு புதிதுதான். மாற்றித் தரச் சொல்லலாமா?
— டோம்பிவிலி வாசகி

பதில்: மாற்றித் தந்தாலும் அதை நம்பாதீர்கள் அம்மா. நான்-ரிட்டர்ன் வால்வின் மடிப்பு இறுக்கமாக உட்கார ஒரு சுத்தமான விளிம்பு வேண்டும். கடல்தண்ணீரில் அந்த விளிம்பில் மணல் துகள், சுண்ணாம்பு, சின்னக் குழாய்ப்புழுக்கள் எல்லாம் வந்து ஒட்டும், ஒரு துகள் இடுக்கில் நின்றாலே ஒழுகும். புதிய வால்விலும் இது நடக்கும். ஸ்பிரிங் வைத்த ரகம் என்றால் அந்த ஸ்பிரிங் உலோகம் வேறு.

உங்கள் வீட்டில் நடந்தது இதுதான். பம்ப் நின்றதும் மேலே ஏற்றிய குழாயே சைஃபனாக மாறி, தொட்டித் தண்ணீரைக் கீழே இழுக்கிறது. மேலே அந்தக் குழாயின் வாய் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறதோ, அந்த மட்டம் வரும்வரை இழுக்கும். தொட்டி 90 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒரு செ.மீ. உயரத்துக்கு ஏறக்குறைய 4 லிட்டர். வாய் 6 செ.மீ. ஆழத்தில் இருந்தால் 24 லிட்டர் கீழே வரும். சம்ப் 60-க்கு 40 செ.மீ. என்றால் அதில் 10 செ.மீ. மட்டம் ஏறும். ஓவர்ஃப்ளோ பெட்டியிலும் குழாய்களிலும் இருப்பது தனி.

அதனால் வால்வை விடுங்கள், அளவை மாற்றுங்கள். ரிட்டர்ன் குழாயின் வாயை மேல்மட்டத்துக்கு ஒன்றிரண்டு செ.மீ. கீழே கொண்டுவாருங்கள். மட்டத்துக்குச் சற்றுக் கீழே குழாயில் மூன்று நான்கு மில்லிமீட்டர் துளை ஒன்று போட்டால், மட்டம் அங்கே இறங்கியதும் காற்று புகுந்து சைஃபன் அறுந்துவிடும். அந்தத் துளையில் பாசி அடைக்கும், கண்ணாடி துடைக்கும் நாளில் பல்துலக்கும் பிரஷ்ஷால் அதையும் குத்திவிடுங்கள். அப்புறம் நீங்களே பிளக்கைப் பிடுங்கிச் சோதியுங்கள். தண்ணீர் இறங்கி நின்ற பிறகு சம்பின் விளிம்புக்குக் கீழே நல்ல இடைவெளி மிச்சமிருக்க வேண்டும். இல்லாவிட்டால் சம்பில் தினசரி வைக்கும் மட்டத்தைக் குறையுங்கள். அந்த மட்டத்தைக் கண்ணாடியில் டேப் ஒட்டிக் குறித்து வையுங்கள். வீட்டில் வேறு யாராவது தண்ணீர் சேர்த்தாலும் அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது.

இதையெல்லாம் செய்த பிறகு நான்-ரிட்டர்ன் வால்வும் இருக்கட்டும் என்றால் இருக்கட்டும், கழற்றிக் கழுவக்கூடிய யூனியன் ரகமாக.

கேள்வி: பம்ப் வேகம் அதிகமாக இருக்கிறது. உறிஞ்சும் பக்கம் வால்வு போட்டுக் குறைக்கலாமா, வெளியே தள்ளும் பக்கமா? எவ்வளவு ஓட்டம் வேண்டும் என்பதை எப்படித் தெரிந்துகொள்வது?
— முலுண்ட் வாசகர்

பதில்: தள்ளும் பக்கம் மட்டும். உறிஞ்சும் பக்கத்தை நெருக்கினால் பம்புக்குள் அழுத்தம் விழுந்து குமிழிகள் உண்டாகி வெடிக்கும், சத்தம் வரும், சூடேறும், உள்சக்கரம் கெடும். நாம் பயன்படுத்தும் பம்ப் எல்லாம் மையவிலக்கு ரகம், தள்ளும் பக்கத்தைக் கொஞ்சம் நெருக்கினால் அவை தாங்கும். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கன்ட்ரோலர் உள்ள டிசி பம்ப் என்றால் வால்வைத் தொடவே வேண்டாம், பட்டனில் குறையுங்கள், மின்சாரமும் மிச்சம்.

அளவுக்கு, பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பார்க்காதீர்கள், அது உயரமே இல்லாமல் எடுத்த கணக்கு. பக்கெட்டை எடுங்கள். ரிட்டர்ன் குழாயிலிருந்து 10 லிட்டர் நிரம்ப 45 விநாடி ஆனால் மணிக்கு 800 லிட்டர். 200 லிட்டர் தொட்டிக்கு அது நான்கு மடங்கு, சம்ப் வழியாக மூன்று முதல் ஐந்து மடங்கு போதும் என்பது என் கருத்து. பவளத்துக்கு வேண்டிய பலமான ஓட்டத்தைத் தொட்டிக்குள்ளேயே வேவ்மேக்கர் வைத்துக் கொடுங்கள், அதைச் சம்ப் வழியாகச் சுற்ற வைப்பது வீண்.

கேள்வி: தண்ணீர் அழுக்கை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மரில் இரண்டு இடத்தில் திருகு இருக்கிறது. எதைத் திருப்புவது?
— மாதுங்கா வாசகர்

பதில்: தண்ணீர் வெளியேறும் குழாயில் இருப்பதைத் திருப்புங்கள். அது உள்ளே தண்ணீர் மட்டத்தை ஏற்றி இறக்கும், மூடினால் நுரை ஈரமாகக் கோப்பைக்கு ஏறும், திறந்தால் உலர்ந்த கறுப்பு நுரை. காற்றுக் குழாயில் இருப்பதை முழுக்கத் திறந்தே விடுங்கள், காற்று குறைந்தால் ஸ்கிம்மரின் வேலையே குறையும். அந்தக் காற்றுக்குழாயின் முனையில் உப்பு கட்டி அடைத்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், பாதி புகார்கள் அங்கே தீர்ந்துவிடும், வெந்நீரில் கழுவினால் கரைந்துவிடும். காற்று பிரிக்கும் பழைய பித்தளைத் திருகுகள் கடையில் இன்னும் கிடைக்கின்றன, தொட்டியின் மேல் அவற்றைத் தொங்கவிடாதீர்கள், உப்புக்காற்றில் பச்சைக் களிம்பு ஏறித் தண்ணீரில் விழும்.

கேள்வி: பவளத்துக்காகச் சுண்ணாம்பைக் கரியமிலவாயுவால் கரைத்துத் தரும் கால்சியம் ரியாக்டரிலிருந்து வரும் சொட்டு எண்ணிக்கையை நீடில் வால்வில் காலையில் சரிசெய்தால் மாலையில் பாதியாகிவிடுகிறது. வால்வு மட்டமா?
— நவி மும்பை வாசகர்

பதில்: வால்வைக் குறை சொல்ல முடியாது. நீடில் வால்வின் வழி மிகக் குறுகலானது. ரியாக்டரிலிருந்து வரும் தண்ணீரில் கரைந்த சுண்ணாம்பு நிறைய, வெளியே வந்ததும் கரியமிலவாயு பிரிய, வால்வின் வாயிலேயே அது படியும். துகள்களும் அங்கேதான் சிக்கும். முன்னால் ஒரு ஸ்பாஞ்ச் வைத்தால் கொஞ்சம் நாள் தள்ளும். உண்மையான தீர்வு வெளியேறும் பக்கம் ஒரு பெரிஸ்டால்டிக் பம்ப், குழாயை உருளைகள் நசுக்கி நசுக்கித் தள்ளும் ரகம். சொட்டு எண்ண வேண்டியதே இல்லை, நிமிஷத்துக்கு இத்தனை மில்லி என்று வைத்துவிடலாம். நீடில் வால்வைக் கரியமிலவாயு சிலிண்டர் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள், அங்கே அது அருமையாக வேலை செய்யும். அங்கே வாயு மட்டுமே போவதால் பித்தளையாக இருந்தாலும் பரவாயில்லை, ரியாக்டர் தண்ணீர் திரும்பி ஏறாதபடி நடுவில் ஒரு பிளாஸ்டிக் நான்-ரிட்டர்ன் வால்வு மட்டும் வேண்டும்.

மென்பவளங்கள்தான் வைத்திருக்கிறீர்கள் என்றால் இந்தக் கருவியே தேவையில்லை, கால்சியத்தையும் காரத்தையும் தனித்தனித் திரவமாக ஊற்றினாலே போதும். பாறை கட்டும் பவளம் என்றால், எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். நம் கடலில் எடுத்தது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் வரும், வாங்குவதும் வைத்திருப்பதும் குற்றம்.

கேள்வி: ஆன்லைனில் வாங்கிய 32 எம்எம் வால்வில் நம் ஊர் ஒரு இஞ்ச் பைப் நுழையவே இல்லை. ஒரு இஞ்ச் என்றால் 32 என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள்?
— தாராவி வாசகர்

பதில்: வீட்டு பிளம்பிங்குக்கு வரும் வெள்ளை யுபிவிசி பைப் அமெரிக்க அளவு, ஒரு இஞ்ச் என்றால் வெளிவிட்டம் 33.4 மி.மீ. விவசாயத்துக்கு வரும் சாம்பல் நிறப் பைப் மெட்ரிக் அளவு, அதில் 32 என்றால் சரியாக 32 மி.மீ. வெளிநாட்டு மீன்தொட்டி வால்வுகளில் நிறைய மெட்ரிக்தான். சிபிவிசி இன்னொரு கணக்கு, ஒரு இஞ்சுக்கு 28.6. தேய்த்து நுழைப்பது, டேப் சுற்றி ஒட்டுவது இரண்டும் வேண்டாம், பசை பிடிக்காது. வால்வைக் கையோடு எடுத்துக்கொண்டு நாக்தேவி தெருப் பக்கம் போய், கடையில் பைப்பை உள்ளே விட்டுப் பாருங்கள். பசை இல்லாமல் நுழைத்தால் பாதி ஆழத்துக்கு மேல் போய் இறுக வேண்டும், ஆடவும் கூடாது. பசையும் யுபிவிசிக்கு அதற்குரியது, சிபிவிசிக்கு அதற்குரியது. ஒட்டியபின் ஒரு நாள் காயவிட்டு, நல்ல தண்ணீர் விட்டு ஒழுகுகிறதா என்று பார்த்த பிறகே உப்புத்தண்ணீர்.

கேள்வி: ஆவியாகும் தண்ணீரை ஈடுகட்ட சம்பில் ஃப்ளோட் வால்வு வைத்து, மொட்டைமாடி டேங்க் லைனில் நேராக இணைக்கலாமா?
— சயான் வாசகர்

பதில்: வேண்டாம். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கிறது என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், மிதவையின் கீலில் உப்பு கட்டியோ நத்தை உட்கார்ந்தோ ஒரு நாள் அது மூடாது. 200 லிட்டர் தொட்டியில் உப்பு ஆயிரத்துக்கு 35 பங்கு என்று இருந்தால், 20 லிட்டர் நல்ல தண்ணீர் கூடுதலாக வந்தாலே 32-க்குக் கீழே இறங்கிவிடும், மொட்டைமாடி டேங்க்கில் ஆயிரக்கணக்கான லிட்டர் இருக்கிறது. ஆர்ஓ தண்ணீரைப் பத்து லிட்டர் கேனில் பிடித்து, அதிலிருந்து மட்டும் ஃப்ளோட் வால்வுக்கு இணைப்புக் கொடுங்கள். வால்வு மாட்டிக்கொண்டாலும் கேனில் இருப்பது மட்டும்தான் வரும். அந்தக் கேன் தண்ணீர் முழுக்க வந்தாலும் சம்ப் வழியாதபடி இடம் விட்டிருக்கிறீர்களா என்று ஒருமுறை ஊற்றிப் பார்த்துவிடுங்கள்.